நெய்க்காரம்மா பார்த்த கண்கள்

யுத்தகாலத்தில் பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடிய, ராசிபுரம் போகும் கரி பஸ்ஸில் அன்று டிரைவர், கண்டக்டர், நான், என் மடியில் சின்ன மகள், எதிரே நெய்ப்பானையோடு ஒரு அம்மாள், இவ்வளவு பேர்தான். எண்ணெய் காணாத தலை, நெய்ப்பசை படிந்த விரல்கள். அவர் என் மகளின் கண்களையே உற்றுப் பார்த்தார். கண் பட்டுவிடுமோ என்று குழந்தையின் முகத்தைத் திருப்பினேன்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. எம்பையனுக்கு வெளக்கு வெளிச்சத்துல ஒரு கண்ணு பூனைக்கண்ணாட்டம் மின்னுச்சுங்க. அழகுன்னு ஊரையே கூப்புட்டுக் காட்டுனேன். சேலத்து டாக்டரு, கண்ணுக்குள்ள புத்துநோய், முத்திப்போச்சுன்னாரு. பையன் போயிட்டானுங்க. அதுலருந்து எந்தப் புள்ளையக் கண்டாலும் பாத்துருவனுங்க."

மகளை அவர் பக்கம் திருப்பினேன். அவர் முந்தானையால் வெயிலை மறைத்து, இரண்டு கண்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

"கருகருன்னு இருக்குதுங்க," என்று சிரித்தார்.

எனக்கு மூச்சு வருமுன்பே அவர் முகம் தெளிந்துவிட்டது. யாரோ பெற்ற பிள்ளைக்காக அப்படியொரு நிம்மதி அவருக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.