இறகு நட்சத்திரத்தின் குடல்

திருவண்ணாமலையில் மலை உண்டு, குளங்கள் உண்டு, பௌர்ணமி வந்தால் ஊர் கொள்ளாத கூட்டம் உண்டு. கடல் மட்டும் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டு அலமாரியில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து வந்த ஒன்று குடியிருந்தது. கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த அக்கா, ராமேஸ்வரம் பக்கம் டூர் போய்விட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் ஓர் இறகு நட்சத்திரத்தைக் கொண்டுவந்திருந்தாள். கடல் பிராணிதான், ஆனால் கைகள் முளைத்த பூ மாதிரி இருக்கும்.

"சாமி கும்புட்ற வூட்ல செத்ததக் கொண்டாந்து வெச்சிருக்கியேடி" என்று அம்மா தினமும் திட்டுவாள். திட்டிக்கொண்டே அந்தப் பாட்டிலைத்தான் முதலில் துடைப்பாள்.

அக்கா சத்தம் போட்டுப் படிக்கிறவள். கேட்க ஆள் வேண்டுமென்று, மூன்றாம் வகுப்பில் இருந்த என்னைப் பிடித்து எதிரில் உட்காரவைப்பாள். அப்படித்தான் அந்தப் பிராணியின் வயிறு எனக்கு மனப்பாடம் ஆயிற்று. வாய் மேலே, நடுவில். அங்கிருந்து இறங்கும் குடல் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேலேயே வரும். தின்கிற வாய்க்குப் பக்கத்திலேயே கழிவும் போகும். அதைக் கேட்டு நாள் முழுக்கச் சிரித்தேன். மூளை கிடையாது. இதயம் கிடையாது. முட்டைகள் கைகளில். நரம்புகளின் மையம் அடியில் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள். மீன் கடித்துக் குடல் மொத்தமும் பிய்ந்து போனாலும், அந்தக் கிண்ணம் தப்பித்தால் போதும், சில வாரங்களில் புதுக்குடல் வளர்ந்துவிடும்.

அந்த வருஷம் அம்மாவுக்குச் சோறு இறங்காமல் போனது. காரம் ஜாஸ்தி என்று முதலில் மிளகாயைக் குறை சொன்னார்கள். பிறகு இரண்டு வாய் சாப்பிட்டாலே வாந்தி. புடவை இடுப்பில் நிற்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், வயிற்றில் ஆபரேஷன் என்றார்கள். நான் பயப்படவில்லை. கெட்டதை எடுத்துவிட்டால் புதிது வளரும் என்பதுதான் எனக்குத் தெரியுமே.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அப்பா மட்டும் பஸ்ஸில் வந்தார். எங்களைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெரியம்மா வாசலுக்கு ஓடினாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "தொறந்து பாத்தாங்க. பரவிடுச்சாம். அப்டியே மூடிட்டாங்க."

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பரவியது எது என்று எனக்குப் புரியவில்லை. ஒன்றையும் எடுக்கவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. இந்தப் பெரியம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் அழுகைதான் என்று எரிச்சலாக வந்தது.

எங்கள் ஊரில் கண்ணுக்கு நோவு என்றால் கண், காலுக்கு என்றால் கால் என்று வெள்ளித் தகட்டில் வாங்கி அம்மன் உண்டியலில் போடுவார்கள். கோபுரத்து வாசல் கடையிலிருந்து அப்பா ஒரு வயிறு வாங்கி வந்திருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நடுவில் தொப்புளுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

"இதுல கொடலே இல்லியேப்பா. எத ரிப்பேர் பண்றதுன்னு அம்மனுக்கு எப்டித் தெரியும்?"

அப்பா அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கக்காவ வரைஞ்சு தரச் சொல்லு" என்றார்.

தகடு போட்டால் நோய் தீருமா என்று அதுவரை அப்பாவோடு மல்லுக்கு நின்றவள் அக்கா. அன்றைக்கு உடனே பென்சிலைச் சீவினாள். மனுஷக் குடல் வேண்டாம், வளருகிற குடல்தான் வேண்டும் என்றேன். இறகு நட்சத்திரத்தை வரைந்தாள். வாய், ஒற்றைச் சுற்றுக் குடல், அடியில் கிண்ணம்; பரீட்சைக்கு வரைவதுபோல ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயரும் எழுதினாள்.

"கிண்ணத்தக் கொஞ்சம் பெருசாப் போடுக்கா."

அழித்துவிட்டுப் பெரிதாகப் போட்டாள்.

"அம்மாக்கு ஒண்ணுமே எடுக்கலியே. அப்போ சீக்கிரமே சரியாய்டும் இல்ல?"

"ம்" என்றாள். பென்சில் முனை உடைந்தது. மறுபடி சீவினாள்.

தகட்டை அந்தப் படத்தில் சுற்றி நானே உண்டியலில் போட்டேன். திரும்பும் வழியில், பார்த்தவர்களிடமெல்லாம் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, திறந்து பார்த்து மூடிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். எதிர்வீட்டு அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, உள்ளே போய் இரண்டு அதிரசம் எடுத்துவந்து கையில் வைத்தாள். நல்ல சேதி சொன்னதற்குத்தான் இனிப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றை அம்மா வந்ததும் சாப்பிடட்டும் என்று எடுத்து வைத்தேன்.