பாறையைத் துடைத்தவர்

பச்சை முட்டை வாடை மூக்கில் ஏறினால் போதும், ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்துப் பாறையொன்றில் எங்களை ஏற்றிய வழிகாட்டி நினைவில் வந்து நின்றுவிடுகிறார்.

ஒல்லியான மனிதர், விரலெல்லாம் காய்ப்பு. வழுக்காமலிருக்க வெள்ளைத் தூள் பூசிக்கொண்டு ஏறுவார். இறங்கும்போது, இடுப்பில் தொங்கும் பழைய பல்பிரஷ்ஷால் தன் கைத்தடங்களைத் தேய்த்து அழித்துக்கொண்டே வருவார். "நாம வந்துபோனது பாறைக்கே தெரியக்கூடாதுங்க" என்பார்.

அருகிவரும் வல்லூறு கூடு கட்டுவதில்லை. அந்தப் பாறையின் வெறும் விளிம்பில்தான் முட்டையிடும். முட்டை இருந்தால், குஞ்சு பறக்கும்வரை பாறையை மூடிவிடுவார்கள். வழிகாட்டி வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். வனத்துறை அதிகாரிக்கோ ஏறத் தெரியாது. அன்று, முட்டை இருக்கிறதா என்று பார்த்துவர வழிகாட்டியையே அனுப்பினார்.

மூடுபனிக்குள் மறைந்தவர் அரை மணியில் இறங்கினார்.

"ஒண்ணுமில்ல மாத்தயா, வெறும் கல்லுதான்."

அதிகாரி நம்பினார்; அனுமதிச்சீட்டில் கையெழுத்திட்டுப் போனார். தலைக்கு மேலே வல்லூறு கத்திக் கத்திச் சுற்றிக்கொண்டிருந்தது.

வழிகாட்டி ஓடையில் பிரஷ்ஷைக் கழுவினார். மஞ்சள் கரு தண்ணீரில் கரைந்து போனது.

"எத்தனை இருந்துச்சு?" என்றேன்.

"மூணுங்க. சொல்றதுன்னா போய்ச் சொல்லுங்க, ஜீப்பு வளைவுலதான் நிக்குது. நீங்களும் ஏறாம வீட்டுக்குப் போகலாம்."

நான் சொல்லவில்லை. ஏறினேன். அந்த விளிம்பைப் பிடித்துத்தான் மேலே போக முடிந்தது. கழுவிவைத்த தட்டுப்போல் இருந்தது. யாரை வெறுப்பதென்று இன்றும் தெரியவில்லை.

பிரியும்போது என் கையைப் பற்றிக்கொண்டு கேட்டார்: "அந்த எடத்துல வழுக்கலதானே சார்? நல்லாத் துடைச்சிருந்தேன்."