டாக்டர் சோதனைக்கு முதல் நாள் குடித்த பேதி

உரும்பிராயில் கிணற்றுத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்து வளர்ந்த உடம்பு என்னுடையது. யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து, பட்டாளத்தில் சேரப் பெயர் கொடுத்தேன். யாழ்ப்பாணப் பட்டினத்தில் டாக்டர் சோதனைக்கு நாள் குறித்தார்கள். அந்த நாளை வீட்டில் சொன்னதுதான் நான் விட்ட பிழை.

“டொக்குத்தர் பார்க்கப்போற உடம்பு. வயிறு சுத்தமாய் இருக்க வேண்டாமோ?” என்று என் தகப்பனார் முதல் நாள் விடியவே பேதி மருந்து கலக்கித் தந்தார். வீடு முழுவதும் தவணை தவறாமல் பேதி குடிக்கிற குடும்பம் எங்களுடையது. மறுத்தால் விடுவாரா? அன்று முழுவதும் வேலியோரம் போவதும் வருவதுமாகவே கழிந்தது.

மறுநாள் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றபோது கால்கள் நடுங்கின. நிறையும் குறைந்திருந்தது.

“என்ன தம்பி, வயித்தோட்டமோ?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லை ஐயா, பேதி குடிச்சனான்.”

“ஏன் குடிச்சனீர்?”

“உங்களிட்டை வாறதுக்குத்தான்.”

அவர், “ரண்டு கிழமை சோறு திண்டிட்டு வாரும்” என்றார். கூட வந்த என் கூட்டாளி, என்னைவிட மெலிந்தவன், அன்றே தேறிவிட்டான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். “அப்ப ஒருக்கால் குடிச்சது காணாது, இன்னொருக்கால் குடிக்கவேணும்” என்றார் தகப்பனார்.

அடுத்த சோதனைக்குச் சந்தைக்கென்று சொல்லிவிட்டுப் போய்த் தேறினேன். இப்போது லீவில் வரும் நாளைக்கூட நான் வீட்டுக்கு எழுதுவதில்லை. எழுதினால், பயணக் களைப்புத் தீரட்டும் என்று பேதியைக் கலக்கி வைத்துக்கொண்டு தகப்பனார் வாசற் படலையடியில் நிற்பார்.