மேல்மாடி மெஷினும் கீழ்மாடிக் காதும்

இன்னும் பிறக்காத சத்தம் எந்த அறையில் எவ்வளவு கேட்கும் என்று முன்கூட்டியே எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுப்பது என் தொழில். மோட்டார், கம்ப்ரசர், தறி என்று அதிர்கிற எதையாவது ஒரு கட்டடத்தில் வைக்கப்போகிறார்கள் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். அந்த அதிர்வு தளத்துக்குள் இறங்கி, தூண் வழியாக ஊர்ந்துபோய், சம்பந்தமே இல்லாத ஓர் அறையின் சுவரிலிருந்து சத்தமாக வெளியே வரும். அது எந்தச் சுவர் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

தலைக்கு மேலே மோட்டார் ஓடும் வீட்டில் குடியிருக்கிறவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். சொன்னது பலிக்க வேண்டுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறவர்களும் அப்படித்தான்: ஜாதகம் பொருந்துகிறது என்றவர், மழை வராது பந்தலைப் போடு என்றவர். கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். எனக்குப் பயம் புதிதல்ல, ஆனால் இது உங்களிடம் மட்டும் சொல்லக்கூடிய பயம்.

முத்தலா, இளசா?

என்னிடம் ரப்பர் முனை வைத்த சுத்தியல் ஒன்று உண்டு. அதைக் கொண்டு தளத்தைத் தட்டினால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் கட்டைவிரல் அளவுக் கருவி, அந்தத் தளம் எவ்வளவு துள்ளியது என்று லேப்டாப்பில் காட்டும். அதிகம் துள்ளுகிற தளம் மெஷினின் அதிர்வை ஆசையாக வாங்கிக்கொள்ளும். துள்ளாத தளம் அவ்வளவு சீக்கிரம் வாங்காது. இவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் தட்டும் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில்தான் தட்டினோமா என்று எனக்குச் சந்தேகம் வரும்.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். மேல்தளம் முழுவதும் முட்டி போட்டுத் தட்டிக்கொண்டே போனேன். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்த பெண்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்து வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள்: "ஏக்கா, தேங்காயத் தட்டுத மாதிரி அம்புட்டு நேரமாத் தட்டுதியளே, முத்தலா எளசான்னு தெரிஞ்சிருச்சா?"

அதே தறி, வேறு தளம்

பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு முதலாளி, தரைத்தளத்தில் வருடக்கணக்காக ஓடிய இரண்டு தறிகளை மாடிக்கு ஏற்ற ஆசைப்பட்டார். வேண்டாம் என்றேன். "அதே தறிதானேம்மா, கீழ ஓடுனா என்ன, மேல ஓடுனா என்ன?" என்றார். கீழே தளத்துக்கு அடியில் பூமி இருக்கிறது, எவ்வளவு இடித்தாலும் அது அசைந்து கொடுக்காது. மாடித்தளத்துக்கு அடியில் வெறும் காற்று, அதே இடிக்கு அது துள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன். தலையைத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வாரமே தறிகளை ஏற்றிவிட்டார்.

ஓடவிட்ட அன்று நானும் போயிருந்தேன். கீழே அவர் வீட்டுச் சமையலறை. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஒவ்வொன்றாக நடந்துவந்து விழுந்தன. என் கணக்கு பலித்த நாள் அது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் தறியை நிறுத்தச் சொல்ல மாடிக்கு ஓடினேன். நாளைக்கு நான் கேட்காது என்று எழுதிக் கொடுத்த இடத்தில் இப்படி டம்ளர் நடந்தால் என்ன செய்வேன் என்ற பயம் அங்கேதான் பிடித்தது. முதலாளியின் மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாடியேறி வந்தார். என்னைத்தான் தறிக்காரி என்று நினைத்திருக்க வேண்டும். "தறி மாடில ஓடுதா, எந்தலைக்குள்ள ஓடுதா? அதச் சொல்லிட்டுப் பொறவு நீங்க போங்க."

கேட்காது என்று எழுதிய கை

அடுத்து வந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் வேலை. பால்கோவா போடும் அண்ணாச்சி ஒருவரின் சொந்தக் கட்டடம். கீழே கடையும் அடுப்படியும். முதல் மாடியில் ரெபேக்கா என்ற பெண் காது பரிசோதனை நிலையம் வைத்து வாடகைக்கு இருக்கிறார். இரண்டாவது மாடி, எறும்புக்கும் ஈரத்துக்கும் பயந்து அண்ணாச்சி சீனி மூட்டை அடுக்கியிருக்கும் இடம். கடையில் பாலுக்குக் குளிர் அறை கட்டி, அதற்கான கம்ப்ரசரை இரண்டாவது மாடியில் வைக்கப்போகிறார். அதாவது, ரெபேக்காவின் தலைக்கு மேலே.

ரெபேக்காவின் நிலையத்தில் கண்ணாடி சன்னல் வைத்த சின்னப் பெட்டி அறை ஒன்று இருக்கிறது. பிள்ளைகளை உள்ளே உட்காரவைத்து, மாட்டிவிட்ட ஹெட்ஃபோனில் மிக மெல்லிய ஒலிகளைக் கொடுப்பார். கேட்டால் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட வேண்டும். அந்த அறைக்குள் லேசான உறுமல் புகுந்தாலும் போதும், மெல்லிய ஒலிகள் அதில் முங்கிவிடும். நல்ல காதுள்ள பிள்ளையைக் கேட்காத பிள்ளை என்று அவர் எழுதிவிட நேரும். என் அறிக்கையின் கனம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இருந்த இடத்தில் உட்கார்ந்து தட்டினேன். கல்லாட்டம் இருந்தது தளம். கம்ப்ரசரையும் தனியே ஓடவிட்டு அளந்து, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, மெஷினுக்கு அடியில் வைக்க ரப்பர் கட்டையும் தேர்ந்து கொடுத்து, 'கீழ் அறையில் கேட்காது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மெஷினைப் போடும்போது நானும் இருக்க வேண்டும், நான் அளந்து பார்க்காமல் ஓட்டக்கூடாது என்று அண்ணாச்சியிடம் மூன்று முறை சொன்னேன். ரெபேக்கா அறிக்கையை முழுவதும் படித்தார், என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு சொன்னார்: "நீங்க எழுதுனத நம்பித்தான் மேடம் நான் எழுதப்போறேன்."

உறுமல்

அந்த ஒரு வாக்கியம் என்னை மூன்று வாரம் தின்றது. சாப்பிடும்போது ஃப்ரிட்ஜ் உறுமினால் கை அப்படியே நின்றுவிடும். பஸ்ஸில் இன்ஜின் பக்கம் உட்கார மாட்டேன். கணக்கை ஏழெட்டுத் தடவை திரும்பப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது. சரியாக வரவர எனக்குப் பயம் கூடியது. தப்பு கண்ணில் பட்டால் திருத்தலாம், படாத தப்பை என்ன செய்வது?

மனசு கேட்காமல் ஒரு நாள் நேரே ரெபேக்காவிடம் போனேன். மெஷின் மாடிக்கு வந்து இறங்கியிருந்தது. பெட்டி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடினேன். கேட்டது! அடித்தொண்டையில் ஓர் உறுமல், விட்டு விட்டு, நிச்சயமாக மேலிருந்து. வியர்த்து விறுவிறுத்து வெளியே ஓடிவந்து, மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். ரெபேக்கா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். "அத இன்னும் சாக்குகூடப் பிரிக்கல மேடம். ஒக்காருங்க, செத்த நேரம் மூச்ச விடுங்க."

நாள் நல்லா இருந்துச்சு

அதற்குப் பத்து நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு அண்ணாச்சியிடமிருந்து போன். குரலில் அத்தனை சந்தோஷம். "தங்கச்சி, மெஷினப் போட்டாச்சு! இன்னைக்கு விட்டா இந்த மாசம் நாளே இல்லன்னுட்டாவ. தேங்கா ஒடச்சு, சுவிச்சத் தட்டியாச்சு. நீங்க நாளைக்கு வந்து அளந்துக்கிடுங்க." நல்ல நாள் தவறிவிடும் என்ற பயத்துக்கு முன்னால் என் அறிக்கை எதுவும் நிற்காது. திட்ட வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்: "மெஷின் சூட்டுக்குச் சீனி இளகிரும்னு சொன்னாவ. மூட்டை அம்புட்டையும் கீழ எறக்கிட்டு, மாடியக் கழுவிவிட்டு, எம்புட்டு வெளிச்சமா இருக்கு தெரியுமா!"

மூட்டை அம்புட்டையும்.

எவர்சில்வர் தட்டு கீழே விழுந்து கிணுகிணுக்கும்போது உள்ளங்கையை வைத்து அமுக்குவீர்களே, சத்தம் சட்டென்று அடங்குமே, அந்த மூட்டைகள் அந்தத் தளத்தின் மேல் வைத்த உள்ளங்கை. நான் தட்டியது தளத்தை அல்ல, தளத்தையும் சீனியையும் சேர்த்து. ஒரு மூலையை மட்டும்தான் ஒதுக்குவார் என்று நானாக நினைத்துக்கொண்டேன், கேட்கவே இல்லை. ஏழெட்டுத் தடவை திருப்பிப் போட்ட கணக்கில் இல்லாத தப்பு, நான் சாய்ந்து உட்கார்ந்த மூட்டையில் இருந்தது. ரெபேக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பரிசோதனை நேரத்தில் அணைத்து வைத்துவிடுவார் என்பது நினைவுக்கு வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பஸ் பிடித்து, டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டே போனேன். வண்டி நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் நான் விட்ட பெருமூச்சைக் கேட்டு அவர் திரும்பினார்: "பிரசவமாம்மா?"

வண்டு

பிரசவமாக இருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். படியேறிப் போனபோது, ரெபேக்காவுக்கு எதிரே சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். கையில் மடித்த காகிதம், மடியில் ஆறு வயதுப் பெண். பெயர் செல்வி. வகுப்பில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு காதிலும் மெல்லிய ஒலிகள் சரியாகக் கேட்கவில்லை என்று காகிதத்தில் இருந்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியாகிவிட்டது. அந்த அம்மா அழவில்லை. பிள்ளையின் காது மடலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

என் வாழ்க்கையில் நான் வாய் திறக்கப் பயந்த நேரம் அது. பேசாமல் ரெபேக்காவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கமாக இருந்தது. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தளத்தைத் தட்டிய கதையை அந்த அம்மா முன்னாலேயே சொன்னேன். தப்பு பிள்ளையின் காதில் இல்லாமல் என் கணக்கில் இருக்கலாம், மறுபடி ஒரு முறை பார்ப்போம் என்றேன். அதுவரை வெளியே மின்விசிறிச் சத்தத்திலும் தெருச் சத்தத்திலும் உட்கார்ந்திருந்ததால் எதையும் கவனிக்காத ரெபேக்கா எழுந்து, பெட்டி அறைக்குள் தலையை விட்டுக் கேட்டார். வெளியே வந்து, மேலே கையைக் காட்டினார். மாடிப்படியில் ஏறி நானே சுவிட்சை அணைத்தேன். பால் திரிந்துவிடும் என்று அண்ணாச்சி கீழேயிருந்து கத்தினார். திரியட்டும் என்று நானும் கத்தினேன்.

செல்வி மறுபடி உள்ளே போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அவள் அம்மாவும். முதல் ஒலி. அவள் கை அசையவில்லை. ஒருவேளை தப்பு என்னுடையது இல்லையோ என்று நினைத்தேன், அப்படி இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். என் தொழிலில் நான் தப்பாக இருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். பிறகு ஒரு புளியங்கொட்டை விழுந்தது. இன்னொன்று. மெல்லிய ஒலிக்கும் ஒன்று, அதைவிட மெல்லிய ஒலிக்கும் ஒன்று. ரெபேக்கா பழைய காகிதத்தை வாங்கிக் கிழித்தார்.

வெளியே வந்த செல்வியிடம், முதல் தடவை ஏன் கொட்டையைப் போடவில்லை என்று கேட்டோம். "மொதல்ல உள்ள ஒரு வண்டு கத்திக்கிட்டே இருந்துச்சு. வண்டுக்குப் போடணும்னு நீங்க சொல்லல" என்றாள். நான் கேட்காது என்று கையெழுத்துப் போட்ட சத்தம் அந்தக் காதுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. டீச்சர் கூப்பிட்டால் ஏன் திரும்பவில்லை என்றதற்கு, திரும்பினால் வாய்ப்பாடு கேட்பார்கள் என்றாள். மூட்டைகளைத் திரும்ப ஏற்றிவிடட்டுமா என்று அண்ணாச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம், சீனி தீர்ந்துபோகும், மெஷினைப் பின்கட்டில் பூமியிலேயே வையுங்கள் என்றேன். அந்த அம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியிறங்கப் போனவர், நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார். "எம்புள்ளைக்குக் காது நல்லாத்தான் இருக்கு தாயி. அம்புட்டு மூட்டைக்கு நடுவுல ஒக்காந்து பாத்தியளே, ஒங்க கண்ண ஒருக்காக் காட்டிக்கிடுங்க."

கண் டாக்டரிடம் இன்னும் போகவில்லை, ஆனால் அன்றிலிருந்து 'தட்டியபோது தளத்தின் மேல் இருந்தவை' என்றுதான் என் அறிக்கைகள் தொடங்குகின்றன. போன வாரம் ஒரு மாடி மூலையில் படுத்துக் கிடந்த ராஜபாளையம் நாயையும் அதன் உத்தேச எடையோடு அதில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.