வாட்ஸ்அப்பில் போட்ட சாரி

காரைக்காலில் சாரி சொல்லாத ஆளில்லை. டவுன் பஸ்ஸில் என் கால் கட்டைவிரலை மிதித்தவர் சாரி சொல்லிக்கொண்டே இன்னொரு முறை மிதித்தார். மூன்று தடவை அலையவிட்ட ஓர் அலுவலகத்தில் நான்காம் தடவை, "சாரி சார், சர்வர் டவுன்" என்றார்கள். சாவு வீட்டில்கூட ஒருவர் சாரி சொல்லிவிட்டு, வாசலில் நின்று மீன் விலை விசாரித்தார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஆங்கில வாத்தியார். வகுப்பில் எவனாவது சாரி சொன்னால் லேசில் விடமாட்டேன். அது எங்கிருந்து வந்தது தெரியுமா என்று ஆரம்பித்துவிடுவேன். ஆங்கிலத்தில் துக்கத்துக்கு உள்ள 'சாரோ' என்ற சொல்லோடு அதற்கு உறவு இருப்பது போலத் தெரியும். ஆனால் வேர் வேறு. பழைய ஆங்கிலத்தில் புண், வலி என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. உள்ளே நோகிறவன் மட்டும் சொல்லு, நோகாதவன் வாயை மூடிக்கொண்டு உட்காரு என்பேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

இத்தனையும் தெரிந்த இந்த மேதாவி செய்த காரியத்தையும் கேளுங்கள்.

அம்பகரத்தூரில் இருக்கும் என் ஒரே தங்கை தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அவளுக்கு அண்ணன் தம்பி என்று நான் ஒருத்தன்தான். ஆனால் அவள் கணவர் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்து அழைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! முறையாக அழைக்காத இடத்துக்குப் போக எனக்கென்ன தலையெழுத்தா என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். தங்கை நான்கு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. சாயங்காலம், "சாரிம்மா, உடம்பு சரியில்லை" என்று தட்டி, கும்பிடும் கைகள் இரண்டு சேர்த்து அனுப்பினேன்.

பதில் வரவில்லை. தீபாவளிக்கும் அவள் பேசவில்லை. இருக்கிற ஒரே உறவும் அறுந்துவிடுமோ என்ற பயத்தில், பொங்கல் சீரைத் தூக்கிக்கொண்டு நானே போனேன்.

"வாங்கண்ணே" என்றாள், முகத்தைப் பார்க்காமல். தண்ணீர் கொடுத்தாள்.

"அன்னைக்கு வர முடியலம்மா. சாரி."

"போன்ல கூப்புட்டதுக்குத்தானே நீங்க வரல? ஒங்க சாரி மட்டும் போன்ல வரலாமாண்ணே?"

மாட்டிக்கொண்டால் வாத்தியார் புத்தி என்ன செய்யும்? பாடம் எடுத்தது. "அந்த வார்த்தைக்கே வலின்னுதாம்மா அர்த்தம். மனசு வலிச்சுதான் சொன்னேன்." வெட்கக்கேடு.

தங்கை தன் மகளைக் கூப்பிட்டு, முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். "இவ பெரியப்பா மடியில வச்சுத்தான் குத்துனோம். மாமா வரட்டும், மாமா வரட்டும்னு ஒரு மணி நேரம் அழுதா. அப்பறம் சீழ் வச்சு பத்து நாளு தூங்கல. வலிச்சது யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

இன்னொரு சாரி வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். "வாடி கண்ணு, மாமாகிட்ட வா" என்று மடியைத் தட்டினேன்.

குழந்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது.