சித்தப்பாவுக்கு அனுப்பிய ரயில்கள்

மாலினி, இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக்கூட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். வாசித்து முடித்ததும், இதோடு வைத்திருக்கும் உறையை உன் மெல்பேர்ன் வீட்டில் எங்கேயாவது ஒளித்து வை.

மருந்துத் தண்ணீரின் புளித்த வாசம்... போன வருடம் முழுக்க எங்கள் வீட்டில் அதுதான். உடுப்புத் தோய்க்கும் அறையில் சிவப்பு பல்ப் போட்டு அப்பா படம் கழுவுவார். தட்டில் வெறும் வெள்ளைக் காகிதம் கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒரு ரயில் வரும்.

எல்லாம் சித்தப்பாவுக்காக. அப்பாவின் ஒரே தம்பி. நாங்கள் விட்டுவந்த ஊரில், ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர். "உங்கடை தண்டவாளத்திலை ஓடுற கோச்சியளை நாலு காலத்திலையும் படம் பிடிச்சு அனுப்புங்கோ அண்ணை. இஞ்சை வெயிலும் மழையும்தானே" என்று எழுதியிருந்தார்.

இலையுதிர் காலத்தில் சிட்னிக்கு வெளியே ப்ளூ மவுண்டன்ஸ் போனோம். தண்டவாளம் தெரியாமல் மஞ்சள் இலை. குளிர்காலத்தில் ஹாக்ஸ்பரி ஆற்றுப் பாலம். காது விறைத்து அழுதேன். கோடையில் காட்டுத்தீப் புகைக்குள்ளிருந்து, பட்டப்பகலில் விளக்கோடு ஒரு ரயில் வந்தது. சித்தப்பாவுக்கு மிகவும் பிடித்த படம் அது.

அப்பா எப்போதும் பிளாட்ஃபார்மின் கடைசி நுனியில் நிற்பார். "மூச்சைப் பிடி பிள்ளை, வருகுது!" கமரா அவர் கையில். நான் ஏன் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டதே இல்லை, பிடிப்பேன்.

அம்மா காருக்குள் இருந்து கத்துவா. "கோச்சிக்கே தாலியைக் கட்டியிருக்கலாம் நீங்கள்!"

"அது நேரத்துக்கு வருமப்பா. நீர் வருவீரோ?"

படத்தின் பின்பக்கம் எழுதுவது என் வேலை. எத்தனை பெட்டி, எந்தப் பாலம், எத்தனை மணிக்குக் கடந்தது... சித்தப்பா அதைத்தான் ஆசையாகக் கேட்பார். என் எழுத்து அச்சுப்போல் இருக்கிறதாம்.

போன சனிக்கிழமை அப்பாவின் சிநேகிதர், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் அங்கிள் வந்தார். ஊருக்குப் போய் வந்தவர். குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"உன்ரை தம்பியை ஆமிக்காரர் ஜீப்பிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள். வீட்டிலை அம்பிட்டது இந்தப் படங்கள்தான். பாலம், நேரம், பெட்டிக் கணக்கு... பாலம் தகர்க்கிற திட்டமாம்."

"அது சிட்னிக் கோச்சி எண்டு தெரியேல்லையோ அவங்களுக்கு?"

"ஆர் கேக்கிறது? பின்னாலை எழுதினது ஆர் எண்டு கேட்டிருக்கிறாங்கள். தான்தான் எண்டிருக்கிறான். பேனையைக் குடுத்து எழுதச் சொல்லியிருக்கிறாங்கள். எழுத்து ஒத்துவரேல்லை. பிறகுதான் அடி... கூட இருந்து விடுபட்டு வந்த பெடியன் சொன்னவன்."



மாலினி, சித்தப்பா என் பெயரைச் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

அங்கிள் போனதும் அம்மா அழுதா. "எல்லாத்தையும் எரியுங்கோ. உங்கடை பேரும் அடிபட்டால் இஞ்சை இருக்கவும் விடாங்கள். பிள்ளையோடை எங்கை போறது?"

போன வருடம் இந்த நேரத்தில் அப்பா சிவப்பு வெளிச்சத்துக்குள் சீட்டியடித்துக்கொண்டு நிற்பார். இன்று பின்வளவில், குப்பை எரிக்கும் அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்கிறார். ஜன்னலால் தெரிகிறது. எங்களுக்கென்று வைத்த பிரதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். இலையுதிர் காலம் முடிந்துவிட்டது. சற்றுமுன் பரமட்டா பக்கம் ஒரு ரயில் போன சத்தம் கேட்டது... அவர் தலையைத் தூக்கவில்லை.

உறைக்குள் இருப்பவை நெகட்டிவ்கள். அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். அவற்றில் ஸ்டேஷன் பெயர்ப்பலகைகள் தெரிகின்றன. இவை இந்த நாட்டு ரயில்கள் என்று காட்ட வேறு ஒன்றும் மிஞ்சப்போவதில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்து, சித்தப்பாவைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு நானே எழுதப்போகிறேன். இதே எழுத்தில்... பெட்டிகளை எண்ணியது நான், நேரம் பார்த்தது நான், எனக்குப் பதின்மூன்று வயது, சித்தப்பாவை விடுங்கள் என்று. யாருக்கு எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அங்கிளிடம் கேட்டால் அம்மாவிடம் சொல்லிவிடுவார். உன் அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா? நீ கேட்காதே, கேட்டால் ஏன் என்று...

கதவைத் தட்டும் சத்தம். அப்பா.

"பிள்ளை... நெகட்டிவ் எல்லாம் உன்னட்டையோ?"

இல்லை என்று சொல்லப்போகிறேன். மாலினி, நீ மட்டும் அவற்றை...