ஒட்டிய வயிறு

அந்துப்பூச்சியை ஊசியில் குத்தி, இறகு விரித்து, சீட்டெழுதி வைக்கும் வேலையில் தாஷ்போலத் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் பூச்சி ஆய்வகம் ஒன்றில் சேர்ந்து ஆறு வருடமாகிறது. அத்-பாஷி மலைப்பக்கத்து ஆட்டுக்காரர் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். அவன் விரித்த பூச்சியில் ஒரு செதில்கூட உதிர்ந்திருக்காது என்று ஆய்வகத் தலைவி புருல் அக்காவே வந்தவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்தக் கை ஒரு நாள் தவறியது. சேர்ந்த வருடம், அவன் அப்பா காசிமாலி ஆடு மேய்க்கும் மலையில் பிடித்த பூச்சிகளின் பெட்டியை மேசையில் இடித்துவிட்டான். இரண்டு பூச்சிகளின் வயிறு கழன்று விழுந்தது. காய்ந்த பூச்சிக்கு இது சகஜம்தான். எது எதனுடையது என்று தெரியாவிட்டால் வயிற்றைச் சின்னக் குப்பியில் போட்டு, 'சந்தேகம்' என்று எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதினால் பெட்டியை இடித்த கதையும் வெளியே வரும். இரண்டு வயிறும் சாம்பல் நிறம், ஒரே பருமன். பசையை எடுத்துக் குத்துமதிப்பாக ஒட்டிவிட்டான்.

மூன்று வருடம் கழித்து அதில் ஒன்று புருல் அக்கா கையில் சிக்கியது. வெளியே ஒரே மாதிரி இருக்கும் பூச்சிகளை வயிற்றுக்குள் இருக்கும் ஆணுறுப்பை வைத்துத்தான் பிரிப்பார்கள். இறகைப் பார்த்தால் ஏற்கெனவே தெரிந்த இனம். உள்ளே இருந்ததோ அந்த இனத்தில் யாரும் காணாதது.

"இந்த வயிறு ஒட்டினதாடா?"

"இல்லக்கா."

செத்த குட்டியின் தோலை வேறு குட்டிக்குப் போர்த்தித் தாயாட்டிடம் விடுவது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆடு மோந்து பார்த்து நம்பிவிடும். அக்காவும் நம்பினார். புதிய இனம் என்று கட்டுரை எழுதி, அதற்குக் காசிமாலியின் பெயரையே வைத்தார்.

ஊரில் அவனை வரவழைத்து, ஆடு அறுத்து விருந்து வைத்தார்கள்.

"கம்பளத்தத் தின்னுற சனியனுக்கு உன் பேரா? பொருத்தந்தான். என் மக கல்யாணத்துல பாதிக் கறிய நீதான தின்ன" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"இது கம்பளம் திங்காது. படிச்சவன் சொல்லிருக்கான்" என்றார் காசிமாலி. அதைக் கேட்டு மகன் கறித்தட்டைத் தள்ளிவைத்தான்.

போன மாதம் சாதாரணப் பூச்சிகளைப் பட்டியலிடும்போது, அன்று வயிறு கழன்ற மற்றொரு பூச்சி வந்தது. உள்ளுறுப்பு தெரிய வயிற்றைக் காரக் கரைசலில் வேகவைத்து நுண்ணோக்கியில் வைத்தான். உள்ளே இருந்தது இந்த இறகுக்கு உரியதல்ல, அப்பா பெயர் வைத்த பூச்சியின் இறகுக்கு உரியது. மாற்றித்தான் ஒட்டியிருக்கிறான். புதிய இனம் என்று ஒன்று இல்லவே இல்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. தூக்கிக் குப்பையில் போட்டால் முடிந்தது. மூன்று நாள் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தான். நான்காம் நாள் எடுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, அப்பா பேர் வச்ச பூச்சி... அதோட வயிறு நான் ஒட்டினது."

"நான் கேட்டப்ப?"

"பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"திருத்தம் நீயே எழுது. 'ஒட்டப்பட்டிருந்தது'ன்னு நழுவாத. யார் ஒட்டினா, யார் மறைச்சான்னு எழுது. என் பேரையும் போடு, பாக்காம நம்பினவ நான்தான்."

எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனில் பேசினான்.

"அப்பா, அந்தப் பூச்சி இல்லைன்னு ஆயிடுச்சு."

"செத்துப்போச்சா?"

"அப்படி ஒண்ணு இருந்ததே இல்லப்பா. ரெண்டு பூச்சிய மாத்தி ஒட்டிட்டேன். இனி அந்தப் பேர் நிக்காது."

அந்தப் பக்கம் காசிமாலி குரைத்த நாயை அதட்டினார்.

"தெரியாமத்தான செஞ்ச?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவர் கேட்டதே அதற்காகத்தான்.

"ஒட்டுனது குத்துமதிப்பா. கேட்டப்ப இல்லன்னது தெரிஞ்சேதான்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை தொழுக முடிஞ்சு எல்லாரும் இங்கதான் டீ குடிக்க வருவாங்க. நீயே வந்து சொல்லு" என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை ஊருக்குப் போகும் வண்டியில் பக்கத்து இருக்கைப் பெரியவர் ரொட்டியைப் பிய்த்து நீட்டியபடி கேட்டார்.

"எந்த ஊருப்பா? யாரு மகன்?"

ஊர்ப் பெயரைச் சொன்னான். அப்பா பெயர் நாக்குவரை வந்து நின்றது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.